ஸ்வரத்தை ஆட்டியதில் பிறந்த சத்தம்: அச்சரப்பாக்கம் மேடை வரை கீபோர்டு வந்த கதை

மதுராந்தகத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் அச்சரப்பாக்கம். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர் அச்சு இற்று நின்ற இடம், அதனால்தான் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே இந்த வட்டாரத்திலும் திருவிழா, கல்யாணம் என்றால் இரண்டு வகை இசை உண்டு. சாமி புறப்பாட்டுக்கும் தாலி கட்டும் நேரத்துக்கும் நாதஸ்வரம், தவில். ராத்திரி மேடைக்கும் ரிசப்ஷனுக்கும் பாட்டுக் கச்சேரி.

இன்றைய கச்சேரி மேடை ஒன்றைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு ரிதம் பேட், ஒரு கீபோர்டு. பல மேடைகளில் அவ்வளவுதான். வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிட்டார், மணியோசை எல்லாம் அந்த ஒரு கீபோர்டிலிருந்தே வரும். கேட்டால் நாதஸ்வரம் மாதிரி ஒன்றுகூட வரும். ஆனால் அது 'மாதிரி'தான். நாதஸ்வரம் வாசிக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் "அது வேற, இது வேற" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

எது வந்தது, எது வரவில்லை? அதைப் புரிந்துகொள்ள, கருவிக்குள் சத்தம் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சத்தம் எண்ணாக மாறுவது எப்படி?

பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் ஓடும் தானியங்கி மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் கழி தானாக மேளத்தை அடிக்கும், நாக்கு மணியில் மோதும். அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சத்தம் உண்மையான தோலிலிருந்தும் உலோகத்திலிருந்தும்தான் வருகிறது.

கீபோர்டின் கதை வேறு. அதற்குள் தோலும் இல்லை, கம்பியும் இல்லை. இருப்பது எண்கள் மட்டுமே.

சத்தம் என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தை மிக வேகமாக அளந்துகொண்டே போனால் ஒரு நீண்ட எண் வரிசை கிடைக்கும். 1982-ல் சந்தைக்கு வந்த சிடியில், ஒரு வினாடி சத்தத்துக்கு ஒவ்வொரு சேனலிலும் 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்றைக் குறிக்கும். இந்த எண்களை அதே வேகத்தில் மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் பழைய சத்தம் திரும்பவும் கேட்கும்.

இதுவரை சொன்னது பதிவு. இதையே தலைகீழாக யோசித்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மேக்ஸ் மேத்யூஸ். யாரும் வாசிக்காத சத்தத்தின் எண்களைக் கணினியே கணக்குப் போட்டுத் தந்தால் என்ன? 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்காக 'மியூசிக்' என்ற நிரலை அவர் எழுதினார். அதில் உருவான முதல் இசை வெறும் 17 வினாடி. கேட்பதற்குப் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கணினி எந்தச் சத்தத்தையும் உண்டாக்க முடியும் என்ற வாசல் அன்று திறந்தது.

ஆட்டம் நாதமான கதை

வாசல் திறந்தாலும் உள்ளே போவது லேசாக இல்லை. ஒரு வயலின் ஒலியில் அடிப்படை ஸ்வரத்தோடு பல மேல் ஒலிகளும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவதற்கு அன்றைய கணினிகள் திணறின.

இதற்கு வழி கண்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த இசையமைப்பாளர் ஜான் சவுனிங். அவர் பொறியாளர் அல்ல. மேத்யூஸ் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவர். 1967-ல் கணினியில் ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் குரலிலோ வயலினிலோ ஸ்வரம் வினாடிக்கு ஐந்தாறு தடவை ஆடும். கை விரலுக்கு எல்லை உண்டு, கணினிக்கு இல்லையே? சவுனிங் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒரு கட்டத்தில் காதுக்கு ஆட்டம் கேட்கவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒரு நாதம் கேட்டது. மணி போல, பித்தளை ஊதுகருவி போல. ஏகப்பட்ட அலைகளைக் கூட்டிச் செய்ய வேண்டியதை, ஓர் அலையை இன்னோர் அலை வேகமாக ஆட்டுவதன் மூலம் இரண்டே அலைகளில் செய்ய முடிந்தது. எஃப்எம் சிந்தசிஸ் என்று இதற்குப் பெயர்.

அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதை வேண்டாம் என்றன. ஜப்பானின் யமஹா வாங்கிக்கொண்டது. சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1983-ல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு வெளிவந்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள். உலகம் முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. 80-களின் பாட்டுகளில் கேட்கும் அந்தக் கண்ணாடி மணி போன்ற பியானோ ஒலி பெரும்பாலும் இதன் உபயம். ஸ்டான்ஃபோர்டுக்கு இந்தக் காப்புரிமையில் 2 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது.

அதே 1983-ல் இன்னொன்றும் நடந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேசுவதற்குப் பொதுமொழி ஒன்று வந்தது. அதுதான் மிடி. ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் இதற்கு முக்கியக் காரணகர்த்தாக்கள். மிடியில் போவது சத்தம் அல்ல, கட்டளை. "60-ம் எண் கட்டையை இவ்வளவு அழுத்தத்தில் அடி, இப்போது விடு" என்ற ரகம். அந்தக் கட்டளைகளைச் சேமித்து, திருத்தி, வரிசையாக ஓடவிடும் கருவிதான் சீக்வென்சர்.

கோடம்பாக்கத்தில் 1986

அதுவரை சினிமாப் பாட்டு என்றால் ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வயலின்கள், செல்லோ, புல்லாங்குழல், தபேலா, கிட்டார் என ஸ்டூடியோ நிறைந்திருக்கும். ஒருவர் தப்பினால் எல்லோரும் மறுபடி. 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் நாதஸ்வரத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நேரில் வாசித்தார்கள். வேறு வழியும் அப்போது இல்லை.

1986 தீபாவளிக்கு வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். இந்தியத் திரைப்பாடலில் சீக்வென்சர் வந்த முதல் படமாக இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப் என்ற இளைஞர் அந்தக் கருவியை இயக்கினார். பெரிய வாத்தியக் குழுவுக்கு நோட்ஸ் எழுதித் தருவதில் பேர்போன ஒருவர், ஆளே இல்லாமல் வாசிக்கும் கருவியையும் கையில் எடுத்துப் பார்த்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அந்தத் திலீப்தான் ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்தில் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்து, விளம்பர இசை செய்துகொண்டிருந்தார். 1992 ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வெளியானது. அப்போது அவருக்கு 25 வயது. முதல் படத்துக்கே தேசிய விருது. தாளத்தையும் பின்னணி ஒலிகளையும் கணினியில் அடுக்கி, அதன் மேல் மனிதக் குரலையும் வாத்தியத்தையும் வைக்கும் முறை அதன் பிறகு இந்திய சினிமா முழுக்கப் பரவியது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

லாபம் கண்முன்னே இருக்கிறது. பெரிய ஸ்டூடியோவும் நாற்பது கலைஞர்களும் இல்லாமல் பாட்டு செய்யலாம் என்றானது. சென்னைக்கு வர வசதியில்லாத ஒரு பையன் செங்கல்பட்டிலோ திண்டிவனத்திலோ வீட்டில் உட்கார்ந்தே இசையமைக்கலாம். ஒரு வேனில் வந்து இறங்கும் மெல்லிசைக் குழு, எந்தப் படத்துப் பாட்டையும் ஏறக்குறைய அதே ஒலியில் தரலாம்.

நஷ்டம் அமைதியாக நடந்தது. ஸ்டூடியோவில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்தவர்களுக்கு அழைப்பு குறைந்தது. மேடையில் அக்கார்டியன், டிரம்பெட், பாங்கோஸ் வாசித்தவர்களின் இடத்தைக் கீபோர்டும் பேடும் எடுத்துக்கொண்டன. கணினி இசையால் பெயர் பெற்ற ரஹ்மானே 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியதும், வசதியில்லாத பிள்ளைகளுக்கு 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' மூலம் வாத்தியம் சொல்லித்தர ஏற்பாடு செய்ததும் இந்தப் பின்னணியில் யோசிக்க வேண்டியவை. கருவி வாசிக்கும் கைகளை ஒருவர் உருவாக்கியாக வேண்டும்.

நாதஸ்வரக் குழுவிலும் ஒருவர் காணாமல் போனார். அவர்தான் ஒத்து ஊதுபவர். பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும் ஒத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான். மூச்சு விடாமல் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல குழுக்களில் கற்றுக்கொள்ள வந்த பையன்தான் ஒத்து ஊதுவான். வருஷக்கணக்கில் பெரியவர் வாசிப்பைப் பக்கத்திலிருந்தே கேட்டுக் கேட்டு ராகம் அவன் காதில் ஏறும்.

1970-களின் கடைசியில் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் ஜி. ராஜ் நாராயணின் 'ராடெல்' போன்ற நிறுவனங்கள் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, தம்புரா என்று கொண்டுவந்தன. கச்சேரி வித்வான்களுக்கு அது பெரிய உதவி. தம்புரா தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். நாதஸ்வரக் குழுவுக்கோ ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இப்போது செல்போன் ஆப்பே சுருதி போடுகிறது. அதோடு அந்தப் பையன் உட்கார்ந்து கற்ற இடமும் போனது.

128 டோன்களில் நாதஸ்வரம் இல்லை

மறுபடி அந்த 'மாதிரி'க்கு வருவோம். 1991-ல் கீபோர்டு கம்பெனிகள் சேர்ந்து 'ஜெனரல் மிடி' என்ற பொதுப் பட்டியலைத் தயாரித்தன. எந்தக் கம்பெனிக் கருவியிலும் ஒன்றாம் எண் பியானோ, 41-ம் எண் வயலின் என்று மொத்தம் 128 டோன்கள். அதில் 105-ம் எண் சிதார். 112-ம் எண் ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. அதனால்தான் மேடையில் கல்யாணப் பாட்டுக்கு நாதஸ்வரம் வேண்டுமென்றால், "தம்பி, அந்த ஷெனாய் டோன் போடு" என்று சமாளிக்க வேண்டியிருந்தது.

டோனைவிடப் பெரிய சிக்கல் கமகம். தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். அந்த ஆட்டம்தான் தோடி. கீபோர்டில் காந்தாரக் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். எண் சரி, ராகம் வராது. ஸ்வரத்தை ஆட்டிப் பார்த்ததில் உருவான ஒலியை வைத்துச் செய்த கருவி, ஆட்டமே உயிரான இசைக்கு வந்தபோது அசையாமல் நின்றது.

இதற்கு மாற்று தேடியவர்களும் உண்டு. கீபோர்டின் ஓரத்தில் ஸ்வரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும். வலது கையில் ஸ்வரம், இடது கையில் வளைவு என்று பழகி, முழுநீளக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார் சென்னையின் கே. சத்யநாராயணன். 'கீபோர்டு சத்யா' என்றால் சபா ரசிகர்களுக்குத் தெரியும். மகேஷ் ராகவன் ஐபேட் திரையில் விரலை வழுக்கிக் கமகம் கொண்டுவருகிறார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளைக்க வழிசெய்யும் எம்பிஇ என்ற விரிவாக்கம் 2018-ல் மிடியில் முறைப்படி சேர்ந்தது. அதாவது தடை கணக்கில் இல்லை. யாருடைய இசையை மனதில் வைத்துக் கருவி செய்யப்பட்டது என்பதில் இருந்தது.

இனி என்ன?

யமஹா தன் இந்தியத் தொழிற்சாலையை அமைத்திருப்பது அச்சரப்பாக்கம் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில். திருப்போரூர் வட்டத்தில் உள்ள ஒன்ஹப் தொழிற்பூங்காவில் 2019-ல் உற்பத்தி தொடங்கியது. இந்திய டோன்களும் தாளங்களும் சேர்த்த கீபோர்டுகளை இந்தச் சந்தைக்கென்றே கம்பெனிகள் விற்கின்றன.

ஆக, பட்டியல் மாறக்கூடியதுதான். ஆனால் நாதஸ்வர டோன் ஒன்று நன்றாக அமைய வேண்டுமானால், முதலில் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து நன்றாக வாசிக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு அவருக்குக் கிடைப்பது ஒருமுறைச் சம்பளமா, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் பங்கா என்பதைக் கலைஞர்களும் கம்பெனிகளும் பேசித் தீர்க்க வேண்டும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவி செய்யும் ஊருக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. வாசிக்கும் கைகளுக்கு அது வருவது, கல்யாண பட்ஜெட்டில் "மேளத்துக்கு எவ்வளவு?" என்று கேட்கும்போது நாம் எழுதும் தொகையையும் பொறுத்தது.