ஐஎஸ்ஓ ஏத்துங்க, படம் ஒண்ணும் கெட்டுப்போகாது

கல்யாண சீசன் வருது, அதனால இந்த வாரம் கேமரா.

புதுசா கேமரா வாங்கினா யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வாங்க: "ஐஎஸ்ஓவை 400க்கு மேல ஏத்தாத, நாய்ஸ் வந்துடும்." அதை நம்பி மண்டபத்துக்குள்ள போனா வெளிச்சம் பத்தாது. ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கிடும். பேத்தியைப் பார்த்துப் பாட்டி சிரிச்ச முகம் கலங்கிப்போய் பதிவாகும். பாட்டிகிட்ட ரீடேக் கேட்க முடியாது.

ஃபிலிம் காலத்துல அந்த அறிவுரையில நியாயம் இருந்துச்சு. வேகமான ஃபிலிம்ல வெள்ளி உப்புத் துகள்கள் பெருசு, அது படத்துல தெரியும். டிஜிட்டல் கதை வேற. ஐஎஸ்ஓ ஏத்தினதால சென்சார் கூடுதல் வெளிச்சத்தைப் பிடிக்காது. விழுந்தது விழுந்ததுதான், அதுல இருந்து வர்ற சிக்னலைப் பெருக்குறாங்க, ஆம்ப்ளிஃபையர்ல வால்யூம் கூட்டுற மாதிரி.

அப்போ நாய்ஸ் எங்கிருந்து வருது? பெரும்பாலும் வெளிச்சக் குறைவுல இருந்துதான். ஃபோட்டான்கள் மழைத்துளி மாதிரி, சீரா விழாது. ஒரு பிக்ஸல்ல சராசரியா 10,000 விழுந்தா, ஏற்ற இறக்கம் அதோட வர்க்கமூலம், 100. அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 மட்டும் விழுந்தா ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். புள்ளிபுள்ளியா தெரியுறது அதுதான். (பாய்சான் டிஸ்ட்ரிப்யூஷன் நடத்தினப்போ தூங்கினவங்களுக்கு: இதுதான் அது.)

அதனால ஆட்கள் நடமாடுற இடத்துல முதல்ல ஷட்டரை 1/125ல வைங்க. அப்பர்ச்சரை லென்ஸ் விடுற அளவுக்குத் திறங்க. மிச்சத்தை ஐஎஸ்ஓ பார்த்துக்கட்டும். 3200, 6400 போனாலும் போகட்டும். நாய்ஸை சாஃப்ட்வேர்ல ஓரளவு குறைக்கலாம். அசைஞ்ச முகத்தை மீட்கிறது ரொம்பக் கஷ்டம்.

"ஃப்ளாஷ் போட்டா முடிஞ்சுதே?"ன்னு கேப்பீங்க. ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் இரட்டிப்பானா கால்வாசி ஆயிடும். கேமராவோட வர்ற சின்ன ஃப்ளாஷோட கைட் நம்பர் 12ன்னு வைங்க. ஐஎஸ்ஓ 100, எஃப் 4ல அது எட்டுறது 12 வகுத்தல் 4, வெறும் 3 மீட்டர். கடைசி வரிசையில இருந்து அடிச்சா முன்னாடி உட்கார்ந்திருக்கிற மாமாவோட வழுக்கைதான் மின்னும். மேடைக்குப் பக்கத்துல போனாலும் பொண்ணு மாப்பிள்ளை வெளுத்து, பின்னாடி இருட்டுக் குகையா இருக்கும்.

இங்கதான் பலர் தவற விடுறாங்க. ஃப்ளாஷ் போட்டதும் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கிடறாங்க. ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும். ஐஎஸ்ஓ 1600 வைச்சா அதே ஃப்ளாஷ் 12 மீட்டர் எட்டும். ஷட்டரை 1/60க்கு விட்டா பின்னாடி சீரியல் லைட்டும் பதிவாகும். ஆள் கொஞ்சம் அசைஞ்சாலும் ஃப்ளாஷோட மின்னல் நேரம் ரொம்பக் குறைவுங்கிறதால முகம் பெரும்பாலும் நிலைச்சு நிக்கும். தனி ஃப்ளாஷ் இருந்தா வெள்ளை சீலிங்கைப் பார்த்துத் திருப்புங்க. பச்சை பெயின்ட் சீலிங்னா வேண்டாம், எல்லார் முகமும் பச்சையாயிடும்.

ஹோமப் புகை எழும்பும்போது மட்டும் ஃப்ளாஷை அணைச்சிடுங்க. வெளிச்சம் புகையிலேயே பட்டுத் திரும்பி வந்து படம் முழுக்க வெள்ளைத் திரை விழும். அங்க ஐஎஸ்ஓ மட்டும் போதும்.