பல் சொல்லும் சேதி

"எங்கள் ஊர்த் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், குடித்தால் கற்கண்டு!" என்று பிறந்த ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அங்கேதான் மோசம் போகிறோம்!

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் கிராமங்களில் சில குழந்தைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். பல் தேய்க்காத குற்றமல்ல, தண்ணீரின் குற்றம். பூமிக்கடியில் பாறையிலுள்ள ஃப்ளோரைடு ஊற்று நீரில் கரைந்து வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், பல் உருவாகும் வயதிலேயே கறை விழும். மிக அதிகமானால், ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களின் எலும்பையும் முடக்கும்.

"காய்ச்சிக் குடித்தால் போச்சு!" என்பீர்கள். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்!

இந்தத் தொல்லை தீரவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த ஜில்லாக்களுக்கு வந்தது. மற்ற ஊர்ப் போர்வெல்களின் கதை என்ன?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சகோதரிகளே, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். நாக்கை நம்பாதீர்கள், அதற்கு ருசிதான் தெரியும்!