உங்களுக்குத் தெரியுமா? முகமறியாதாரின் ஒத்துழைப்பு

ஒருவரையொருவர் முகமறியாத மனிதரை இணையவழியே குழுக்களாகச் சேர்த்து, தம்மோடு இணைந்த ஒவ்வொருவருக்காகவும் 50 அலகு இழப்பவரால் அவர்கள் தலைக்கு 100 அலகு பெறுவர் என்ற நியமத்தை வகுத்து, டேவிட் ராண்ட், சாமுவேல் ஆர்ப்ஸ்மன், நிகோலஸ் கிறிஸ்டாகிஸ் ஆகிய மூவரும் நடத்தி 2011-இல் வெளியிட்ட பரிசோதனை, மனித சுபாவத்தைப் பற்றிய அபூர்வமான உண்மையொன்றைப் புலப்படுத்துகிறது.

இணைப்புகள் மாறாதிருந்த குழுக்களிலும், சுற்றுதோறும் தற்செயலாய்க் கலைக்கப்பட்ட குழுக்களிலும், ஆரம்பத்தில் தாராளமாய்த் தோன்றிய பரோபகாரம் சுற்றுக்குச் சுற்று க்ஷீணித்தது. சுயநலமிகளின் தொடர்பை அறுத்து, ஈகையுள்ளவரோடு உறவு பூணும் சுதந்திரம் அடிக்கடி வாய்த்த குழுக்களிலோ, எவ்விதத் தண்டனையும் விதிக்கப்படாமலே (இதுவே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது) ஒத்துழைப்பு இறுதிவரை குன்றாது நிலைத்தது. அதே சுதந்திரம் அரிதாகவே கிடைத்த குழுக்களில் அந்தப் பலன் விளையவில்லை.