யார்க்‌ஷயர் டெரியர்: உடம்பு முந்தும், நிறம் பிந்தும்

யார்க்‌ஷயர் டெரியர் குட்டி பிறக்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும். புருவம், கால் போன்ற இடங்களில் மட்டும் பழுப்புத் திட்டு. பத்து மாதத்துக்குள் உயரம் நின்றுவிடுகிறது. ஏன் இத்தனை அவசரம்? எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு சின்ன இனங்களில் சீக்கிரமே கெட்டிப்பட்டுவிடும். பெரிய இனமான கிரேட் டேனுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 ஹார்மோனும் சின்ன இனங்களின் ரத்தத்தில் குறைவு. வளர்ந்த யார்க்‌ஷயர் டெரியரின் எடை சுமார் 3 கிலோதான்.

பல்தான் தொல்லை. 28 பால் பற்கள் விழுந்து 42 முளைக்க வேண்டும், தாடையோ துளியூண்டு. ஆறு மாதம் தாண்டியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால், இடுக்கில் உணவு சிக்கி ஈறு கெடும். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பிடுங்கிவிடுவதே மேல்.

நிறத்துக்குத்தான் அவசரமே இல்லை. கறுப்பு முடி வேரிலிருந்து வெளுத்து நீலச் சாம்பலாக இரண்டு, மூன்று வருடம் பிடிக்கும்.