டிரங்குப் பெட்டியில் இருபத்து நான்கு சொற்கள்

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் ஊருக்கு வந்திருந்தான். கணினித் துறையில் பணி. கை நிறையச் சம்பளம் என்று சொல்ல முடியாவிடினும் குறைவில்லை. இரவு உணவு முடிந்து அனைவரும் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஒட்டப்பட்ட உறையொன்றை என்னிடம் நீட்டி, "மாமா, இதை உங்கள் பீரோவில் வைத்திருங்கள். நீங்களும் பிரிக்க வேண்டாம்" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாக இருந்தவன் நான். பிரிக்க வேண்டாம் என்று தரப்படும் உறைகளின்மேல் எனக்கு என்றுமே ஐயம் உண்டு. உள்ளே என்ன என்று கேட்டேன். சற்றே தயங்கியவன் தானே பிரித்துக் காட்டினான். ஒரு தாளில் எண்ணிட்டு எழுதப்பட்ட 24 ஆங்கிலச் சொற்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. குழந்தைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திய தாள் போலிருந்தது. "இதுதான் மாமா பணம்" என்றான். 22,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கியிருக்கிறானாம்.

என் தமக்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "பணத்தைக் கொடுத்து இந்தத் தாளையா வாங்கினாய்?" என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடியே அடுத்த நான்கு நாள்களும் அவனைத் துளைத்தெடுத்தேன். நானும் படித்துப் பார்த்தேன். நம் இல்லங்களில் இளைஞர் பலர் இத்தகைய நாணயத்தைச் சிறிதளவேனும் வைத்திருக்கின்றனர். பெற்றோர் அறியாமலே வைத்திருப்போரும் உளர். ஆகவே அறிந்ததை எழுதுகிறேன். வாங்குக என்று எவரையும் தூண்டுவது என் நோக்கமன்று. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையோ மருத்துவச் செலவுக்கு ஒதுக்கிய தொகையையோ இதில் இடுவது பேதைமை என்பதே என் கருத்து. ஆனால் வாங்கியது வாங்கியாயிற்று. அதைத் தொலையாமல் காப்பது எங்ஙனம் என்பதே இங்குப் பேச்சு.

பிட்காயினைக் கையால் தொட முடியாது. சத்தோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 அக்டோபரில் வெளியிட்ட திட்டத்தின்படி 2009 சனவரியில் அது இயங்கத் தொடங்கியது. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கேட்டின் படிகளை வைத்துக்கொண்டு, எந்த முகவரியில் எவ்வளவு நாணயம் உள்ளது என்பதை எழுதி வருகின்றன. நாணயம் அந்த ஏட்டில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அதனை நகர்த்தும் உரிமையளிக்கும் இரகசியத் திறவுகோல் மட்டுமே. அத்திறவுகோல் மிகப் பெரியதோர் எண். அதனைப் பிழையின்றி எழுதுவது மனிதருக்கு அரிது என்பதால், 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களாக அதனை மாற்றித் தரும் முறையை 2013இல் வகுத்தனர். 24 சொற்களுக்குள் அடங்கும் எண் 78 இலக்கங்கள் வரை நீளக்கூடியது. ஊகித்துக் கண்டுபிடிப்பது இயலாது. ஆனால் தாளைப் பார்த்தவர் எவரும் நொடியில் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளே பணம் என்று என் மருமகன் சொன்னதன் பொருள் அதுதான்.

இந்தத் திறவுகோலை நாமே வைத்துக்கொள்ளாமல், வாங்கிய நிலையத்திடமே விட்டுவைத்தால் என்ன? பெரும்பாலோர் அப்படித்தான் செய்கின்றனர். வங்கியில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது வங்கியன்று, வைப்புத் தொகைக் காப்பீடும் கிடையாது. டோக்கியோவில் இருந்த மௌண்ட் காக்ஸ் என்னும் நிலையம் 2014 பெப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. 2,00,000 மட்டும் பின்னர் அகப்பட்டன. நம் நாட்டிலேயே 2024 சூலையில் வாசிர்எக்ஸ் நிலையத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேற்பட்ட நாணயம் களவாடப்பட்டு, வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தனர்.

நம் நாட்டோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. கனடா நாட்டுக் குவாட்ரிகா நிலையத்தின் தலைவர் 2018 டிசம்பரில் செய்ப்பூரில் காலமானார். வாடிக்கையாளரின் நாணயங்கள் இணையத்தோடு தொடர்பற்ற பெட்டகங்களில் இருப்பதாகவும், திறவுகோல் அவர் ஒருவரிடமே இருந்ததாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 76,000 பேருக்கு 21.5 கோடி கனடிய டாலர் சேர வேண்டியிருந்தது. ஒரு மனிதரோடு அத்தனையும் புதைந்துவிட்டதே என்று உலகம் திகைத்தது. தணிக்கையாளர் ஆராய்ந்தபோதோ, அப்பெட்டகங்கள் அவர் இறப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே காலியாக இருந்தன. ஒண்டாரியோ மாநிலப் பங்குப் பத்திர ஆணையம் 2020இல் அளித்த அறிக்கை, இழப்பின் பெரும்பகுதிக்கு அவர் செய்த மோசடியே காரணம் என்றது. பிறரிடம் திறவுகோலை விட்டவர், அது இருக்கிறதா என்பதைக்கூட அறிய இயலாது.

இனி நாமே வைத்துக்கொள்ளும் வழிகள். சில ஆண்டுகளுக்கு முன்னர் திறவுகோலைக் காகிதத்தில் அச்சிட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. அச்சு இயந்திரத்தின் நினைவகத்தில் படி தங்கும். பணத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது மீதி எங்குச் செல்கிறது என்பதறியாமல் இழந்தவர்களும் உண்டு. புதியவர் அதைத் தொடாதிருப்பது நன்று. கைப்பேசிச் செயலியில் வைப்பது எளிது, செலவில்லை. ஆனால் இணையத்தோடு இடையறாது இணைந்திருக்கும் பொருளில் திறவுகோல் இருப்பது, சாவியை வாயிற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அளவுக்கு அது போதும் என்பேன். அவ்வளவு சிறு தொகைக்குத் தனிக் கருவி வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஹார்டுவேர் வாலட் எனப்படும் சிறு கருவி ஏற்றது. செக் நாட்டின் பிராகா நகரத்து நிறுவனமொன்று 2014இல் டிரெசர் என்ற பெயரில் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. பிரான்சு நாட்டு லெட்ஜர் மற்றொன்று. விலை சில ஆயிரம் ரூபாய். பென் டிரைவ் அளவே இருக்கும். சிறு திரையும் பொத்தான்களும் உண்டு. திறவுகோல் அக்கருவிக்குள்ளேயே பிறந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பணம் அனுப்பவேண்டிய வேளையில் கணினியோடு இணைத்தால், கணினி விவரத்தை உள்ளே தருகிறது. கருவி உள்ளேயே கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் வெளியே தருகிறது. கணினியில் நச்சுநிரல் இருந்தாலும் திறவுகோல் அதன் கைக்கு எட்டாது.

கருவியை அதனை ஆக்கிய நிறுவனத்திடமோ அது அங்கீகரித்த விற்பனையாளரிடமோதான் வாங்க வேண்டும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கலாகாது. பெட்டிக்குள் ஒரு சீட்டில் சொற்கள் முன்னரே அச்சிடப்பட்டிருந்தால் அது திருடன் வைத்த கண்ணி. அச்சொற்கள் அவனிடமும் இருக்கும். சொற்களைக் கருவியே தன் திரையில், நம் கண்ணெதிரே, புதிதாக உண்டாக்கிக் காட்ட வேண்டும். பின்னர் நாம் ஓர் இரகசிய எண்ணை அமைக்கிறோம். அந்த எண்ணை மறந்தால் அஞ்ச வேண்டா. லெட்ஜர் கருவியில் மூன்று முறை தவறாக இட்டால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், சொற்கள் இருப்பின் மீண்டும் உயிர்பெறும். கருவி உடைந்தாலும் களவு போனாலும் அவ்வாறே. சொற்கள் போனால்தான் எல்லாம் போயிற்று.

இவ்வளவும் கேட்டபின், "சரி, இத்தாளைத் தவிர வேறு பிரதி உண்டா?" என்றேன்.

"கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன், மாமா. ஒரு பாதுகாப்புக்கு."

கணினித் துறையில் இருப்பவன் சொன்ன விடை இது! கைப்பேசியில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் தாமாகவே இணையச் சேமிப்பகத்துக்குச் சென்றுவிடுகின்றன. 2025 பெப்ரவரியில் காஸ்பெர்ஸ்கி நிறுவனத்தார் வெளியிட்ட செய்தியொன்றை அவனிடம் காட்டினேன்: கைப்பேசியிலுள்ள படங்களைத் துருவி, அவற்றில் இத்தகைய சொற்பட்டியல் இருக்கிறதா என்று படித்துத் திருடும் நிரல், ஆண்டிராய்டு, ஆப்பிள் ஆகிய இரண்டின் அதிகாரபூர்வச் செயலிக் கடைகளிலேயே புகுந்திருந்தது. பெரும் பணம் செலவிட்டு இணையத்துக்கு வெளியே திறவுகோலை வைத்தவன், ஒரே சொடுக்கில் அதை இணையத்துக்குள் கொண்டுபோய்விட்டான். படத்தை இப்போது அழித்துவிட்டால் போதாதா என்றான். அது எங்கெங்குச் சென்றது என்பதை அறிந்தவர் யார்? ஒருமுறை வெளிப்பட்ட சொற்களைக் கைவிட்டுப் புதிய சொற்களுக்குப் பணத்தை மாற்றுவதே தக்கது.

அவ்வுறையில் இன்னும் இரு குறைகள் இருந்தன. ஒட்டிய உறை பூட்டாகாது. நானோ என் பீரோவைத் திறக்கும் எவருமோ அப்பணத்தை எடுத்திருக்கலாம். அவனுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தாலோ, அத்தாளின் பொருள் எனக்கு விளங்கியிராது. பழைய பாடக் குறிப்பு என்று குப்பையில் இட்டிருப்பேன். வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில் ஒருவருடைய பழைய வன்தட்டு 2013இல் தவறுதலாகக் குப்பைமேட்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் திறவுகோல் அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 சனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சொற்களை எழுதும் தாளைப் பற்றியும் கூறவேண்டும். அச்சொற்பட்டியல் தமிழில் இல்லை. பொதுவாக ஆங்கிலச் சொற்களே வரும். ஆகவே தமிழில் ஒலிபெயர்த்து எழுதாமல், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், வரிசை எண்ணோடு, தெளிவாக எழுதவேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே அதனைத் தனித்துக் காட்டப் போதுமாதலால், பின்பகுதி மங்கினாலும் மீட்கலாம். பரவும் மை வேண்டா. நெகிழித்தாள் ஒட்டுவதற்காக நகலகத்துக்கு எடுத்துச் செல்லவே கூடாது. கடைக்காரர் கண்ணில் படுமே. கரையானுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சுவோர் எஃகுத் தகட்டில் எழுத்துகளைப் பொறித்து வைக்கின்றனர். சிறு தொகைக்கு இரண்டு தாள்கள், இரண்டு வேறு வீடுகளில், போதும். பாதிச் சொற்கள் ஓரிடத்திலும் மீதி வேறோரிடத்திலும் வைப்பது சூழ்ச்சித் திறன்போல் தோன்றும். ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் தொலையும்.

கருவி நிறுவனத்தின் பெயரால் வரும் கடிதத்தையும் தொலைபேசியையும் நம்பவேண்டா. லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2020இல் களவாடப்பட்டது. அடுத்த ஆண்டில் அம்முகவரிகள் சிலவற்றுக்குப் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்து சேர்ந்தன. சொற்களைக் கேட்பவர் எவராயினும் திருடரே.

வரியையும் மறக்கலாகாது. இத்தகைய நாணயத்தில் கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி என 2022 ஏப்ரல் முதல் நம் அரசு விதித்தது. சொந்தக் கருவிக்கு மாற்றிக்கொள்வது விற்பனையன்று. ஆயினும் வாங்கிய நாள், விலை ஆகியவற்றின் சான்றுகள் கைவசம் இருக்கவேண்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, வேலையைத் தொடங்கினான். வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தையும் அடுக்களைக்கு அனுப்பிவிட்டார் என் தமக்கை. கருவியை அழித்து, புதிய 24 சொற்களை உண்டாக்கி, இரு தாள்களில் எழுதினான். ஒன்றைத் தன் தாயையே எழுதச் செய்தான். புதிய முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவியை மீண்டும் அழித்து, பழைய சொற்களை இட்டு, முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் புதிய முகவரிக்கு அனுப்பினான். தவறான முகவரிக்குச் சென்றுவிட்டால் திருப்பித் தர ஆளில்லை என்பதால், கணினித் திரையை நம்பாமல் கருவியின் திரையில் தெரிந்ததை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். அது கணக்கேட்டில் பதிவாகும் வரை காத்திருந்தோம். கட்டணமாகச் சிறிது கழிந்தது. அதன்பின் மூன்றாம் முறை கருவியை அழித்தான்.

"இப்போது நீங்கள் படியுங்கள், அம்மா" என்றான்.

தாம் எழுதிய தாளை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துக்கொண்டு, என் தமக்கை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அவன் பொத்தான்களை அழுத்தி உள்ளிட்டான். பதினேழாம் சொல்லில் ஒரு தடுமாற்றம். அவர் எழுதிய எழுத்தொன்று வேறோர் எழுத்தைப்போல் இருந்தது. அதைத் திருத்தி எழுதினார். முக்கால் மணி நேரத்துக்குப் பின் அனுப்பிய சிறு தொகை திரையில் தெரிந்தது. தாள் சரியென்று உறுதியான பின்னரே, பழைய சொற்களை மற்றொரு முறை உள்ளிட்டு எஞ்சியதையும் அனுப்பி வைத்தான். இறுதியாகப் புதிய சொற்களைக் கருவியில் இட்டு வேலையை முடித்தபோது இரவு பத்து மணி.

ஒரு தாள் அவனோடு சென்றது. தாம் எழுதியதை, இது இன்ன பொருள், யாரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு சேர்த்து, வீட்டுப் பத்திரமும் திருமணச் சான்றும் இருக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் தமக்கை வைத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் அந்தச் சொற்களைப் படித்தாயா?" என்று கேட்டார்.

"இல்லை, அக்கா" என்றேன். அவர் சொன்னபடி, அந்த நேரம் முழுவதும் நான் திண்ணையில் அமர்ந்து தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரியை ஒப்பிடுவதற்கு மட்டுமே என்னை உள்ளே அழைத்தார்கள்.