சுரங்க ஊரில் பிறந்த ஒரு பியானோ

தங்கவயலில் வளர்ந்த நமக்கு ஜாஸ் என்றாலே துரைமார் கிளப் சங்கதி, இல்லாவிட்டால் சட்டைக்காரங்க டான்ஸ் மியூசிக். ஆனால் அந்த இசையின் வேர் துரைமாரிடம் இல்லை. அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளிகளிடம் இருக்கிறது. இந்தியாவில் அதை வளர்த்தவர்களில் முக்கியமான டெடி வெதர்ஃபோர்டு, நம்மைப் போலவே ஒரு சுரங்க ஊர்க்காரர்.

1903-இல் வர்ஜீனியா மாநிலத்தின் போகஹான்டஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். நியூ ஆர்லியன்ஸில் பியானோ பழகி, சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்தார். பிறகு ஷாங்காய், கொழும்பு, பம்பாய் தாஜ் ஹோட்டல் என்று சுற்றி, இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். அங்கேயே 1945 ஏப்ரலில் காலராவில் இறந்தார். வயது 41.

அவர் வாசிப்புக்கு அடிப்படை ராக்டைம். ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ (1899) அதைப் புகழ்பெறச் செய்தது. இதில் இடக்கை ஒரு கீழ்ஸ்வரம், ஒரு ஸ்வரக்கூட்டு என்று மாறிமாறித் தாளம் போடும். வலக்கை பாட்டை அந்த அடிக்குச் சற்று முன்னும் பின்னும் தள்ளிப் போடும். நம்ம கச்சேரியில் சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கிறார்களே, ஏறக்குறைய அந்த ருசிதான். ஜாஸ் இதோடு மனோதர்மத்தையும் சேர்த்துக்கொண்டது.

1937-இல் பாரிஸில் அவர் தனிப் பியானோவாகப் பதிந்த இசைத்தட்டுகளில் இரண்டு கைகளின் வேலையும் தனித்தனியாகக் காதில் விழும். அவை இருப்பதால்தான் நாம் அவரை இன்றும் கேட்கிறோம். ஹோட்டல் மேடைகளில் இரவிரவாக வாசித்ததில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது.

இங்கேதான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வருகிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். வெட்டிய தங்கத்துக்குக் கணக்கு உண்டு. வட ஆற்காட்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் பாடிய தெருக்கூத்துக்கும், பஜனைக்கும், கல்யாண பேண்டுக்கும் கணக்கு எங்கே?

இசைத்தட்டுக் கம்பெனி நம்மைத் தேடி வரப்போவதில்லை, தேவையும் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரைப் பாடச் சொல்லிப் பதியுங்கள். யார் பாட்டு, எந்த லைன், எந்த வருஷம் என்று கேட்டுச் சேர்த்து எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.