பணியாரக் கல்லில் பிறந்தநாள் கேக்!
குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குச் செலவு மிச்சம்

மும்பை புறநகரில் ஒரு ரெயில்வே குடியிருப்பு. மூன்றாவது மாடியில் வசிப்பவர் ஒரு குமாஸ்தா. சொந்த ஊர் நெல்லை மாவட்டம். சென்ற ஆண்டு அவருடைய மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. கடையில் இருந்து கிரீம் கேக், குளிர்பானம், வறுவல், ஆளுக்கு ஒரு பரிசுப் பை. வந்த குழந்தைகள் இருபது பேர். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் கை வைத்துத்தான் அந்த மாதம் செலவைச் சமாளித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பையனுக்குப் பல் வலி. இரவெல்லாம் அழுதான். பல் டாக்டர் பார்த்துவிட்டு, நான்கு பற்களில் சொத்தை என்றார்.

"ஒரு நாள் தின்ன கேக்கால வந்தது இல்லைன்னு டாக்டரே சொன்னாரு. மாசத்துல எத்தனை நாள் இனிப்பு தின்னுதான்னு எண்ணிப் பாருங்கன்னாரு. இந்தக் கட்டிடத்துல முப்பத்திரண்டு வீடு அண்ணே! வாரம் தவறாம ஒரு பிறந்தநாள். யாரைக் குறை சொல்ல முடியும்? நாங்களும் அதைத்தானே மத்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்" என்றார் அந்த வீட்டு அம்மாள்.

இந்த ஆண்டும் பிறந்தநாள் வந்தது. பையன் ஒரே பிடிவாதம். "எனக்குக் குச்சி கேக்தான் வேணும்!"

குச்சி கேக் என்பது என்ன?

உருண்டையாக இருக்கும். கீழே ஒரு குச்சி. மேலே சாக்லேட் பூச்சு, அதன் மேல் வண்ணப் பொடி. ஆங்கிலத்தில் 'கேக் பாப்' என்று பெயர். 2008-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஆஞ்சி டட்லி என்ற பெண்மணி இதைப் பிரபலப்படுத்தினார். இன்று நம் நகரங்களின் கேக் கடைகளிலும் கிடைக்கிறது.

இதைச் செய்யும் வழக்கமான முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் சாதாரணக் கேக்கைத் தயார் செய்து உதிர்ப்பார்கள். அந்தத் தூளில் சர்க்கரையும் வெண்ணெயும் கலந்த கிரீமைச் சேர்த்துப் பிசைந்து உருட்டுவார்கள். பிறகு இனிப்புப் பூச்சில் முக்கி எடுப்பார்கள். ஆக, கேக்கில் ஒரு முறை, கிரீமில் ஒரு முறை, பூச்சில் ஒரு முறை என்று சர்க்கரை மூன்று முறை சேருகிறது!

ஒரு நாளைக்கு எவ்வளவு?

நாம் உண்ணும் உணவின் மொத்தக் கலோரியில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. நாளொன்றுக்கு 1,500 கலோரி உண்ணும் குழந்தைக்கு இது எவ்வளவு? பத்து சதவீதம் என்றால் சுமார் 37 கிராம். ஐந்து சதவீதம் என்றால் 19 கிராம்கூட இல்லை. 200 மில்லி கோலா பானத்திலேயே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கேக்கைத் தொடுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

வெல்லம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல்லுக்கு வெல்லமும் சர்க்கரையும் ஒன்றுதான். அளவைக் குறைப்பதில்தான் பலன் இருக்கிறது.

கை கொடுத்த பணியாரக் கல்

அந்த அம்மாள் வீட்டில் கேக் அடுப்பு கிடையாது. ஆனால் ஊரில் இருந்து கொண்டு வந்த குழிப்பணியாரக் கல் பரணில் கிடந்தது. உருண்டை வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் ஏது? கல் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மராட்டியர்கள் 'ஆப்பே பாத்திரம்' என்று சொல்வதும் இதுதான். பாத்திரக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேழ்வரகுக்கு இங்கே 'நாச்சணி' என்று பெயர்.

முதல் தடவை அவர் கேழ்வரகு மாவை மட்டும் வைத்துச் செய்தார். கல்லில் இருந்து எடுக்கும்போதே உருண்டைகள் உதிர்ந்துவிட்டன. கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கேழ்வரகில் இல்லை என்பதே காரணம். அடுத்த முறை இரண்டையும் சரி பாதியாகக் கலந்தார். நன்றாக வந்தது.

மைதாவை விட்டுக் கேழ்வரகைச் சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு மைதாவில் 20 மில்லிகிராம் அளவுதான்.

தேவையான பொருள்கள் (சுமார் 30 உருண்டைகளுக்கு)

கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், பொடித்த வெல்லம் 50 கிராம், பால் 150 மில்லி, கெட்டித் தயிர் மூன்று மேஜைக்கரண்டி, எண்ணெய் அல்லது உருக்கிய நெய் மூன்று மேஜைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது. பூச்சுக்கு டார்க் சாக்லேட் 100 கிராம். மேலே தூவ உலர்ந்த தேங்காய்த் துருவல் அல்லது வறுத்த எள்.

செய்முறை

கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து ஆற விடுங்கள். பேரீச்சம்பழத்தைச் சூடான பாலில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, அந்தப் பாலுடனேயே அரைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தை மசித்து, வெல்லம், தயிர், எண்ணெய், அரைத்த விழுது ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள்.

இரண்டு மாவையும் பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காயுடன் சேர்த்துச் சலியுங்கள். கடைசியாக இதைப் பழக் கலவையில் போட்டுக் கட்டி இல்லாமல் கலக்கினால் போதும். அதிகம் அடித்தால் உருண்டை கடினமாகிவிடும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு கரண்டி பால் விட்டுக்கொள்ளலாம்.

குழிகளில் எண்ணெய் தடவி, முக்கால் குழி வரை மாவை ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வேக விடுங்கள். திருப்பிப் போட்டு மேலும் மூன்று நிமிடம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நின்றுவிடும்.

உருண்டைகள் முழுவதும் ஆற வேண்டும். கொதிக்கும் நீர் உள்ள பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கட்டி தட்டிவிடும், எச்சரிக்கை! குச்சி முனையைச் சாக்லேட்டில் தொட்டு உருண்டையில் பாதி ஆழம் வரை செருகி, பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குச்சி பிடித்துக்கொள்ளும். பிறகு உருண்டையின் தலைப்பாகத்தை மட்டும் சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள்.

இந்த அளவில் ஒரு உருண்டைக்குச் சேரும் வெல்லம் இரண்டு கிராமுக்கும் குறைவு. மற்ற இனிப்பைப் பழங்களும் மெல்லிய சாக்லேட் பூச்சும் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் இதுவும் இனிப்புதான். குழந்தைக்கு இரண்டு கொடுத்தால் போதும். பேரீச்சம்பழம் பல்லில் ஒட்டும் என்பதால், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

சாக்லேட் வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். 'காம்பவுண்ட்' என்று போட்டிருந்தால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குச்சி வேண்டாம். உருண்டையை நான்காக வெட்டித் தட்டில் வைத்துக் கொடுங்கள். முழு முந்திரி, முழு வேர்க்கடலை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் ஆபத்து. கூர்முனைக் குச்சிகளை விட்டு, ஐஸ் குச்சி போன்ற மழுங்கிய குச்சிகளையே பயன்படுத்துங்கள்.

பால், கோதுமை, எள், கடலை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அழைக்கும்போதே தாய்மார்களிடம் கேட்டுவிடுவது நல்லது. மே மாத வெயிலில் சாக்லேட் உருகி வழியும். அந்த நாள்களில் கெட்டி வெல்லப் பாகை லேசாகத் தடவித் தேங்காய்த் துருவலில் புரட்டினாலே அழகாக இருக்கும்.

விருந்து நாள்

அன்று மாலை ஒரு பெரிய பூசணிக்காயில் குச்சிகளைக் குத்தி மேஜை நடுவில் வைத்தார்கள். உச்சியில் ஒரு மெழுகுவர்த்தி. குளிர்பானத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. வறுவலுக்குப் பதில் சுண்டல். "இதுல கிரீம் எங்கே?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவனே இரண்டாவது குச்சிக்குக் கை நீட்டினான்! எதிர்வீட்டு மராட்டியப் பெண்மணி, "நாச்சணியா இது? நம்பவே முடியவில்லையே" என்று கேட்டு அளவை எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வீட்டில் பிறந்தநாள்.

"நம்ம வீட்ல மட்டும் மாத்தினா என்ன ஆகும்னு நினைச்சேன் அண்ணே. இப்போ ரெண்டு வீடு ஆச்சு. இன்னும் முப்பது இருக்கு" என்று சிரித்தார்.

விருந்துச் செலவு சென்ற ஆண்டைவிடப் பாதிக்கும் கீழே. ஊருக்குப் போக வேண்டிய பணம் இந்த மாதம் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.